வாத்து, காட்டெருமை, வேலூர்த் தம்பி

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. பாலாற்றை ஒருமுறை பார்த்தவர்கள் முதல் உருப்படியை மறுக்க மாட்டார்கள். கோட்டைக்கு ராஜா வராமல் இல்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வந்து, 1832-ல் சாகும்வரை இங்கேதான் இருந்தான். ஆனால் வெள்ளைக்காரன் பூட்டி வைத்த ராஜாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்து உட்கார்ந்ததோ 1981-ல். ஆக, நம் கதை நடக்கும் 1948-ல் இந்தப் பட்டியல் நூற்றுக்கு நூறு செல்லுபடி.

பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்க ஒன்று இருக்கிறது. ஆனால் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை: பனி இல்லாத குளிர்காலம். இந்தப் பக்கத்தில் பருவம் இரண்டு, வெயில் ஒன்று, கத்திரி வெயில் இன்னொன்று. மார்கழி விடியலில் கொஞ்சம் சிலுசிலுத்தால் போதும், ஊரே மங்கி குல்லாவுக்குள் போய்விடும். இப்படிப்பட்ட சீமையில் இருந்து ஆள் எடுத்த ஒரு படைதான் இமயமலையில் பனிப்புயலுக்கு முன்னால் ஓடி ரோடு போட்டது. பாடப்புத்தகம் அந்தச் சண்டையில் ஜெனரலைப் பற்றி ஒரு வரி சொல்லும், டாங்கியைப் பற்றி ஒரு வரி சொல்லும். ரோட்டைப் பற்றி வாயே திறக்காது. டாங்கி ஏதோ ஆகாய மார்க்கமாக வந்து குதித்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் இந்தத் தம்பிகள் யார் என்று பார்த்துவிடுவோம்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதற்கு இருபதாம் நாள், செப்டம்பர் 30 அன்று, ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’ என்று இரண்டு கம்பெனிகள் பிறந்தன. வேலை என்ன? பட்டாளம் போவதற்கு முன்னால் போய்ப் பாதை வெட்டுவது, பள்ளம் தோண்டுவது, பாலம் கட்டுவது. பட்டாளம் ஓடி வரும்போது பின்னால் நின்று அதே பாலத்தை உடைப்பது. ஜெயித்தாலும் வேலை, தோற்றாலும் வேலை. இவர்கள்தான் பிற்பாடு மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆனார்கள், 1834-ல் பெங்களூருக்குக் குடி போனார்கள், ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்ற செல்லப் பெயரையும் வாங்கினார்கள். வட ஆற்காடு மாவட்டத்து இளவட்டங்களுக்கு இது தோதான ஏற்பாடு. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூர், பெங்களூரில் இறங்கினால் சர்க்கார் சம்பளம். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற கிராமத்துக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும்.

பட்டாளத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவில் தோலுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1805 நவம்பரில், சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்குக்கு ஒரு யோசனை உதித்தது. சிப்பாய்கள் தாடி வைக்கக்கூடாது, நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, பழைய தலைப்பாகைக்குப் பதிலாக ஐரோப்பியத் தொப்பிச் சாயலில் ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தொப்பியில் அழகுக்கு ஒரு தோல் குஞ்சம் வேறு. மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்று கேட்க இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். ஒரே தொப்பியில் இரண்டு மதத்தையும் சேர்த்துப் புண்படுத்துவது சாமானியமான திறமை அல்ல. விளைவு, 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் வெடித்தது. ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து கொடூரமாக அடக்கினான். பிறகு கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. தொப்பியை மாற்றப் போனவர்களுக்கு நாற்காலி மாறியது.

தலையில் ஏறியபோது கலகம் செய்த அதே தோல், காலில் ஏறியபோது ஊருக்குச் சோறு போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகச் சுண்ணாம்புக் குழிகளும் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளுமாக டேனரிகள் வளர்ந்தன. முதல் உலகப்போர் முற்றிய 1916 வாக்கில், சோல்ஜர்களின் பூட்ஸ் மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலைப் பிரிட்டிஷ் அரசு மொத்தமாக வளைத்துப் போட்டது. ஆக, நம் ஆள் பனியைப் பார்க்கும் முன்பே நம் ஊர் மாடு ஐரோப்பாவின் பனியை மிதித்துவிட்டது. ஆவாரம்பட்டை வாசனையோடு.

இனி 1948.

சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் சண்டையும் வந்தது. ஸ்ரீநகரில் இருந்து லே போக ஒரே வாசல், சோஜி லா கணவாய். உயரம் சுமார் 11,500 அடி. ஏலகிரிக்கு மேல் ஏலகிரி, அதற்கு மேல் இன்னோர் ஏலகிரி என்று மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். அந்த வருடக் கோடையில் கார்கிலும் திராஸும் கைவிட்டுப் போயின. கணவாயின் இருபுறச் சிகரங்களிலும் பாகிஸ்தான் பக்கத்துக் கில்கித் ஸ்கவுட்ஸ் ஆட்கள் மெஷின் கன்னோடு குந்திக்கொண்டார்கள். லேயில் இருந்த சிறு படைக்கு அரிசி முதல் தோட்டா வரை எல்லாம் டகோடா விமானத்தில் போயாக வேண்டும். கணவாயில் பனி விழுந்து கதவு சாத்திக்கொண்டால் அடுத்த வசந்தம் வரை திறக்காது. அதுவரை லே தாங்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலை.

இந்தப் போரின் மேல்மட்ட வினோதத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியப் படையின் தலைமைத் தளபதி ராய் பூச்சர், ஆங்கிலேயர். பாகிஸ்தான் படையின் தலைமைத் தளபதி டக்ளஸ் கிரேஸி, அவரும் ஆங்கிலேயர். இருவருக்கும் ராஜா ஒருவரே. சம்பந்திகள் அடித்துக்கொள்ளும் கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்காரர் சாம்பார் ஊற்றியது மாதிரி அந்த யுத்தம் நடந்தது.

செப்டம்பரில் 77-வது பாராசூட் பிரிகேட் கணவாயைப் பிடிக்கப் போனது. திட்டத்தின் பெயர் ‘ஆபரேஷன் டக்’. மலையேறிச் செய்ய வேண்டிய காரியத்துக்கு வாத்து என்று பெயர் வைத்த மகானுபாவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. மேலிருந்து மெஷின் கன் பொழிய, படை திரும்பி வர வேண்டியதாயிற்று. மேற்குப் பிராந்தியத் தளபதி கரியப்பா வந்து பார்த்தார். வாத்தைக் கழற்றிவிட்டு ‘ஆபரேஷன் பைசன்’ என்று காட்டெருமையை மாட்டினார். நியூமராலஜி ஜோசியர் யாரும் கூட வந்ததாகத் தகவல் இல்லை.

காட்டெருமைக்குக் கொம்பு வேண்டுமே, அதை யோசித்தவர் களத்தில் இருந்த மேஜர் ஜெனரல் திம்மய்யா. கரியப்பாவைப் போலவே குடகுக்காரர். ‘டாங்கியை மேலே ஏற்றுவோம்’ என்றார். அதுவரை உலகில் எங்கும் அவ்வளவு உயரத்தில் டாங்கி சண்டை போட்டதில்லை. ஏன் போட்டதில்லை என்பதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. திம்மய்யா அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தது 7-வது லைட் காவல்ரி. இதுவும் 1784-ல் சென்னை மாகாணக் குதிரைப்படையாகப் பிறந்து, காலப்போக்கில் குதிரையை விட்டு டாங்கிக்கு மாறிய படைதான். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். நண்பர்களும் ராணுவமும் வைத்த பெயர் ‘ஸ்பேரோ’. வாத்து தோற்ற இடத்தில் காட்டெருமையை ஓட்டிப் போகச் சிட்டுக்குருவி வந்தது என்பதே நிலவரம். டாங்கிகள் ஸ்டூவர்ட் ரகம், அமெரிக்காவில் செய்தவை, ஒவ்வொன்றும் சுமார் 15 டன். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று மேல் கோபுரத்தைக் கழற்றித் தனியாகப் போர்த்தி எடுத்துவந்தார்கள். மெலிந்த பாலங்களில் வின்ச் போட்டு இழுத்துக் கடத்தினார்கள். ஸ்ரீநகரைக் கடக்கும்போது ஊரடங்கு போட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணைக்கூட அந்தக் காலத்தில் யாரும் இவ்வளவு பொத்திக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரி, பால்தல் அடிவாரம் வரை வந்தாயிற்று. அங்கிருந்து மேலே போவது கோவேறு கழுதைப் பாதை. கழுதையே சில வளைவுகளில் நின்று யோசிக்கும்.

இங்கேதான் தம்பிகள் கதைக்குள் வருகிறார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள், மேஜர் தங்கராஜு முன்நிற்க, கடப்பாரையும் வெடிமருந்துமாகப் பாதையில் இறங்கின. ஜீப்புக்கு ரோடு போடுவது ஒரு வேலை, டாங்கிக்குப் போடுவது முற்றிலும் வேறு வேலை. ஜீப் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பும். டாங்கி அப்படி இல்லை. ஒரு பக்கத்துச் சங்கிலியை பிரேக் பிடித்து மெதுவாக்கி, மறு பக்கத்தை வேகமாக ஓடவிட்டு, கால் தேய்த்துத் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் அது அப்படித் தேய்க்கும்போது ரோட்டின் வெளி ஓரம் பொலபொலவென்று உதிர்ந்து பள்ளத்தாக்கில் விழும். அதனால் உட்பக்கம் பாறையை வெட்டி அகலம் கூட்ட வேண்டும், வெளிப்பக்கம் கல் அடுக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, திரி வைத்து, ஓடி ஒளிந்து, வெடித்ததும் ஓடிவந்து கல்லை அள்ளுவது. வட ஆற்காட்டில் பாறைக்குள் கிணறு வெட்டிப் பார்த்தவனுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. அங்கே தண்ணீருக்காகக் கீழே போனான், இங்கே ரோட்டுக்காக மேலே போனான்.

புதுசு ஒன்றே ஒன்றுதான், மேலிருந்து விழுந்தது. கம்பெனியில் சில பழைய ஆட்கள் உலகப்போரில் வெளிநாட்டுக் குளிரைப் பார்த்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? ராணுவப் பதிவேட்டில் இருக்காது, ஆனால் இப்படி ஒரு பேச்சு நடக்காமலா இருந்திருக்கும்:

“அண்ணே, இன்னாண்ணே இது, மேலருந்து பஞ்சாட்டம் கொட்டுது?”

“பஞ்சு இல்லடா, பனி. வாயப் பொளந்துக்கினு நிக்காத, கடப்பாரையப் புடி.”

“எம்மா நாளைக்குக் கொட்டும்?”

“சித்திர வரிக்கும்.”

“அப்ப ரோடு?”

“மூடுறதுக்குள்ள போட்டா ரோடு. போடலன்னா சித்திர வரிக்கும் நாமளும் இங்கதான். ஊட்டுக்கு லெட்டர் போட்டுடு.”

இந்தப் பனி ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது? நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஐப்பசி அடைமழையில் ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோல் காயாமல் முதலாளிகள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே நாட்களில் வடக்கே வேறொரு நாடகம் நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று விலகியதும், வானத்தின் உயரத்தில் ஓடும் மேற்குக் காற்றோட்டம் தெற்கே இறங்கி இமயத்தின் மேல் வரும். அதோடு சேர்ந்து மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்று வானிலைக்காரர்கள் சொல்லும் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஈரக்காற்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைத் தாண்டி மலைச்சுவரில் முட்டி மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்ததும் சுமையை இறக்கிவிடும். இறக்கும் இடம் சோஜி லா. கணவாய் என்பது காற்றுக்கும் வழிதானே! அதனால் பனி மேலிருந்தும் விழும், பக்கவாட்டில் இருந்தும் அறையும். நவம்பருக்குப் பிறகு இது அன்றாடம். அக்டோபரிலேயே வந்தால் முன்பனி. அது எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்றைக்குச் சாட்டிலைட் கிடையாது.

1948-ல் முன்பனி சரியாகக் காரியம் கெடும் நேரத்தில் வந்தது. அக்டோபரில் தாக்குவதாகக் குறித்த நாள் பனியில் புதைந்து தள்ளிப்போனது. பகலில் கொஞ்சம் வெயில் அடித்தால் புதிதாக வெட்டிய மண் சேறாகும். இரவில் அந்தச் சேறு கண்ணாடியாக உறையும். காலையில் சாப்பர் எழுந்து வந்தால், நேற்று போட்ட ரோட்டில் இன்று நடக்கவே முடியாது. வெட்டிய பாதையை மறுபடி வெட்ட வேண்டும், தள்ளிய பனியை மறுபடி தள்ள வேண்டும். ஜெனரல்கள் காலண்டரைப் பார்த்தார்கள், தம்பிகள் மண்வெட்டியைப் பார்த்தார்கள்.

ஆனால் அதே முன்பனி எதிரிக்கும் ஒரு சேதி சொன்னது: கடை மூடியாயிற்று, இனி யாரும் வரமாட்டார்கள். சிகரத்தில் இருந்த கில்கித் வீரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. மலையில் பிறந்தவர்கள், பனியோடு வளர்ந்தவர்கள். முதல் பனிக்குப் பிறகு கணவாயில் எவனும் பெரும்படை நடத்தமாட்டான் என்பது அவர்கள் பாட்டன் காலத்துப் பாடம். பாடம் முற்றிலும் சரி. எதிரே வந்தவனுக்குத்தான் அந்தப் பாடம் நடத்தப்படவில்லை. பருவம் முடிந்தது என்று நினைக்க முதலில் பருவம் தெரிந்திருக்க வேண்டும். வேலூரில் பிறந்தவனுக்கு அக்டோபர் பனியும் ஒன்றுதான், ஜனவரிப் பனியும் ஒன்றுதான், இரண்டும் சமமாக அநியாயம். அன்றைக்கு மலையைக் கரைத்துக் குடித்தவன் தன் அறிவை நம்பி ஏமாந்தான். மலையே தெரியாதவன் அவல்தார் சொன்னதை நம்பி ரோட்டை முடித்தான்.

புதிய நாள் குறித்தார்கள்: நவம்பர் 1, திங்கட்கிழமை. நம் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் சிரிப்பு வரும். முந்தின நாள் தீபாவளி. திங்களன்று அமாவாசை. அதுவும் சாதாரண அமாவாசை இல்லை, ஆப்பிரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் விழுந்த அமாவாசை. கிரகண இருட்டில் ஒரு வால்வெள்ளி வேறு கண்ணுக்குத் தெரிந்து, ‘கிரகண வால்வெள்ளி’ என்றே பெயர் வாங்கியது. கிரகணம், வால்வெள்ளி, பனிப்புயல். குடியாத்தத்து ஜோசியரிடம் இந்த நாளைக் காட்டியிருந்தால் கட்டத்தைப் பார்க்காமலே தட்சிணையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தரையில் இரண்டு மூன்றடிப் பனி. மேகம் தலைக்கு மேல் இறங்கி நின்றது. பிற்பகல் 2.40-ஐ ஒட்டி ஸ்டூவர்ட் டாங்கிகள் உறுமிக்கொண்டு கணவாய்க்குள் நுழைந்தன. முதல் டாங்கியில் யார்? திம்மய்யா. ஒரு டிவிஷனின் ஜெனரல் முன்னணி டாங்கியில் ஏறி உட்காருவது எந்த ராணுவப் பாடத்திலும் இல்லாத சமாச்சாரம். ரோடு தாங்குமா என்று சந்தேகம் இருந்தவர் அதில் ஏறியிருப்பாரா? தம்பிகளுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அதுதான், என்ன, எழுத்தில் இல்லை. கோவேறு கழுதை தயங்கிய பாதையில் பீரங்கியோடு இரும்பு வண்டி வருவதைக் கண்ட எதிரிகளால் முதலில் தங்கள் கண்ணையே நம்ப முடியவில்லை. நம்பியபோது குண்டு பங்கருக்குள் வந்துவிட்டது. பின்னாலேயே காலாட்படை ஏறியது. மாலைக்குள் கணவாயைத் தாண்டிக் கும்ரி வரை வழி திறந்தது. நவம்பர் நடுவில் திராஸ் கைக்கு வந்தது. 24-ம் தேதி கார்கிலில், லேயில் இருந்து இறங்கி வந்த படையோடு கைகுலுக்கல்.

இடையில் குளிர் தன் பங்கை வசூலித்துக்கொண்டது. பனிக்கென்று செய்த உடுப்பும் பூட்ஸும் எல்லோருக்கும் எட்டிய காலம் அல்ல அது. தோல்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். எண்ணெய் ஏறாத தோல் பகலில் உருகிய பனியைக் குடிக்கும், இரவில் காலோடு சேர்ந்து உறையும். அடியில் பதித்த இரும்பு ஆணி வழியே குளிர் நேராக உள்ளங்காலுக்கு ஏறும். பனிக்கடியால் விரல் இழந்தவர்கள் பலர். தொப்பியில் தோல் வைக்க 1805-ல் அவ்வளவு யோசித்த ராணுவம், காலுக்கு என்ன தோல் என்று யோசிக்க இன்னும் கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டது. இன்று ஆம்பூரில் தைத்த ஷூக்கள் ஐரோப்பியக் குளிர்காலத்தை உலா வருகின்றன.

சிட்டுக்குருவிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1965-ல் இன்னொன்றும் வாங்கினார். கரியப்பா இரண்டரை மாதத்தில் நாட்டின் தலைமைத் தளபதி ஆனார். பின்னாளில் திம்மய்யாவும் அந்த நாற்காலிக்கு வந்தார். ரோட்டுக்கு? அது அந்தக் குளிர்காலமே பனிக்கு அடியில் போய்விட்டது. அடுத்த வருடம் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த வருடமும்.

இதற்குப் பஞ்சாங்கத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை ஒன்றரை முதல் மூன்று மணி வரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால்தான் நகை வாங்க நல்லது, பிணம் எடுக்க ஆகாது. திம்மய்யாவின் டாங்கி கணவாயில் நுழைந்தது 2.40-ஐ ஒட்டி, குளிகை முடிவதற்குள். டாங்கி ஜெயித்தது ஒரே ஒருமுறை, அதோடு சரி. ரோடு மாட்டிக்கொண்டது. வருடா வருடம் பனி மூடுகிறது, எல்லைச் சாலை நிறுவனத்தின் ஆட்கள் வருடா வருடம் மறுபடி பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை 2025-ல் 32 நாளில் திறந்துவிட்டார்கள். இந்த ஓயாத வேலைக்கு முடிவு கட்ட இப்போது மலைக்குள்ளேயே சுமார் 13 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைகிறார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: குளிகையைத் தவிர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு சுரங்கம் குடைய ஆள் அனுப்பும்படி வேலூருக்கு லெட்டர் வரும்.